படம் தெரியுதா?

கியோத்தோ ரயில் நிலையத்திலிருந்து கிந்தெட்சு ரயிலில் தெற்கே போனால், அரை மணி நேரத்துக்குள் ஒகுரா என்ற சிறிய நிலையம் வரும். இறங்கியதும் மருந்துக்கடை, பல் மருத்துவர், சைக்கிள் நிறுத்துமிடம், தாழ்வான ஓட்டு வீடுகள். சுற்றுலாப் பயணிகள் தேடி வரும் இடம் போலவே இல்லை. ஆனால், அன்று காலை எங்களோடு இறங்கியவர்களில் பாதிப் பேர் ஒரே திசையில்தான் நடந்தார்கள். ஒருவர் சட்டையில் காளான் படம். இன்னொருவர் முதுகுப்பையில் மஞ்சள் நட்சத்திரம்.

"நம்ம ஆளுங்கதான்" என்றார் அண்ணன்.

நானும் அண்ணனும் சேர்ந்து பயணம் போவது இதுதான் முதல் முறை. சிறுவயதில் பள்ளிச் சுற்றுலாவுக்குக்கூட ஒன்றாகப் போனதில்லை. அவருக்கு 44 வயது, குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் தொழில். எனக்கு 41, கோலாலம்பூரில் அலுவலக வேலை. இருவருக்கும் இடையே பெரிய சண்டை எதுவும் இல்லை. வேலை, பிள்ளைகள், வீட்டுக்கடன் என்று அவரவர் வழியில் போனதில், பேசுவதற்கு அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரையைத் தவிர வேறு விஷயம் இல்லாமல் போயிருந்தது. போன ஆண்டு ஒரு நாள் அண்ணன் திடீரென்று ஒரு செய்தி அனுப்பினார். "நிண்டெண்டோ மியூசியம் திறந்துட்டாங்க. குலுக்கல்ல பேர் கொடுக்கட்டுமா?"

அந்த ஒரு வரிக்குப் பின்னால் எங்கள் வீட்டு வரவேற்பறை முழுவதும் இருந்தது.

சிவப்பும் வெள்ளையும்

1992 தீபாவளிக்கு அப்பா ஒரு 'டி.வி. கேம்' வாங்கி வந்தார். அப்போது நாங்கள் கிள்ளானில் ஒரு தாமானில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. இரண்டு மாத ஓவர்டைம் காசு அந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்தது என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். வெள்ளை உடம்பு, கருஞ்சிவப்பு ஓரம், இரண்டு கன்ட்ரோலர்கள், '64 இன் 1' என்று எழுதிய மஞ்சள் கேசட் ஒன்று. பெட்டியின் மேல் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. அந்தக் காலத்தில் மைக்ரோ ஜீனியஸ் என்ற தைவான் தயாரிப்பு நம் நாட்டில் பல வீடுகளில் இருந்தது. எங்களுடையது அதுகூட இல்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த சிங்கப்பூர் பையன் ஒருவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது டூப்ளிகேட்" என்றான். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அன்று இரவு அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஏம்ப்பா டூப்ளிகேட் வாங்கினீங்க?"

அப்பா தலை நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.

"படம் தெரியுதா இல்லையா?"

தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால், 'அசல் எப்படி இருக்கும்' என்ற ஆசை மட்டும் என்னோடு கூடவே வளர்ந்தது. ஜப்பான் பயணத்துக்கு நான் உடனே சரி என்று சொன்னதற்கு அதுதான் காரணம்.

சீட்டுக்கட்டிலிருந்து

முதல் நாள் மாலை அண்ணன் என்னைக் கியோத்தோவில் காமோ ஆற்றுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றுக்கு அழைத்துப் போனார். 1930இல் கட்டிய ஒரு கட்டடம். வாசலில் பழைய பலகை அப்படியே இருக்கிறது. யமவுச்சி என்ற குடும்பப் பெயரும் சீட்டுக்கட்டு வியாபாரமும் அதில் எழுதியிருக்கின்றன. நிண்டெண்டோவின் பழைய தலைமையகம் இது. 2022 முதல் 'மருஃபுகுரோ' என்ற பெயரில் தங்கும் விடுதியாக இயங்குகிறது. எங்கள் பட்ஜெட்டுக்கு வெளியிலிருந்து பார்ப்பதே போதும் என்று பார்த்துவிட்டு வந்தோம்.

1889இல் புசாஜிரோ யமவுச்சி தொடங்கிய அந்த நிறுவனம் முதலில் செய்தது 'ஹனஃபுடா' என்ற பூச்சீட்டு. 12 மாதங்களுக்கும் மாதத்துக்கு ஒரு செடியோ மலரோ, மாதத்துக்கு 4 சீட்டு என மொத்தம் 48. நம்முடைய சீட்டுக்கட்டைவிட அளவில் சிறியது, தடிமனில் பெரியது. தரையில் உட்கார்ந்து, உள்ளங்கைக்குள் அடக்கிப் பிடித்து, சத்தம் வரும்படி கீழே போட்டு விளையாடுவது. கடையில் ஒரு கட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்தபோது, அதன் கருஞ்சிவப்பு எனக்கு எங்கேயோ பார்த்த நிறமாகத் தோன்றியது.

மறுநாள் போன மியூசியம், அந்தச் சீட்டுக்கட்டுகளைத் தயாரித்த தொழிற்சாலைதான். 1969இல் ஒகுராவில் கட்டியது. பிற்காலத்தில் பழுதான இயந்திரங்களைச் சரிசெய்து அனுப்பும் இடமாகவும் இருந்திருக்கிறது. 2024 அக்டோபர் 2ஆம் தேதி மியூசியமாகத் திறந்தார்கள். நினைத்த நேரத்தில் போய் டிக்கெட் வாங்க முடியாது. மாதக்கணக்கில் முன்பே குலுக்கலுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 3,300 யென். உள்ளே நுழையும்போது ஒரு அட்டை தருகிறார்கள், அதில் 10 நாணயங்கள் கணக்கில் இருக்கும். கீழ்த்தளத்து விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் சில நாணயங்கள் போகும். எல்லாவற்றையும் ஆடப் போதாது. எதை ஆடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

மேல்தளம்தான் காட்சிக்கூடம். அங்கே படம் எடுக்க அனுமதி இல்லை. "அப்பாவுக்குப் படம் அனுப்பறதா சொன்னேனே" என்றேன். "வாயால சொல்லிக்கலாம், வா" என்றார் அண்ணன். யோசித்துப் பார்த்தால் அது நல்லதாகவே போயிற்று. கைபேசி பைக்குள் போனதும் கண்ணால் பார்க்கத் தொடங்கினோம்.

பேசத் தெரிந்த இரண்டாவது கன்ட்ரோலர்

ஃபேமிகாம். 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்பதன் சுருக்கம். 1983 ஜூலை 15இல் 14,800 யென் விலையில் ஜப்பானில் வெளிவந்தது. வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மசாயுகி உவெமுரா. நான் 30 ஆண்டுகளுக்கு மேலாக மனத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்த அசல், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது.

முதலில் தோன்றியது, 'இவ்வளவு சின்னதா?' என்பதுதான். இரண்டு கையாலும் அள்ளிவிடலாம் போல. மேலே வெள்ளை, அடியில் கருஞ்சிவப்பு. இரண்டு பக்கமும் கன்ட்ரோலர்களைச் செருகி வைக்கும் பள்ளங்கள். கன்ட்ரோலர் முகத்தில் தங்க நிறத் தகடு. எங்கள் வீட்டுப் பெட்டியில் அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒரே ஆண்டில் உரிந்துவிட்டது.

அந்தச் சிவப்பு எப்படி வந்தது என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. அன்றைய தலைவர் ஹிரோஷி யமவுச்சிக்குப் பிடித்த நிறம் என்பார்கள். ஆண்டெனா நிறுவனம் ஒன்றின் விளம்பரப் பலகையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது என்றும் சொல்வார்கள். எதுவாக இருந்தாலும், பூச்சீட்டு செய்த வீட்டுக்குப் பொருத்தமான நிறம் என்றுதான் எனக்குப் பட்டது.

இந்தப் பெட்டியை நின்று பார்க்கப் பார்க்க, அது யாருக்காக, எந்த மாதிரி வீட்டுக்காகச் செய்தது என்பது ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. உதாரணத்துக்கு அந்தச் சிலுவை வடிவ பட்டன். அந்தக் காலத்து விளையாட்டு இயந்திரங்களில் நட்டு வைத்த குச்சிதான் இருக்கும். ஜப்பானிய வீட்டில் எல்லாரும் தரையில் உட்காருவார்கள். விளையாடி முடித்த பிள்ளை கன்ட்ரோலரைத் தரையில் போட்டுவிட்டு ஓடும், அடுத்த பிள்ளை அதை மிதிக்கும். குச்சி உடைந்துவிடும் என்று உவெமுரா கவலைப்பட்டார். கும்பெய் யொகோய் 1982இல் 'டாங்கி காங்' கையடக்க விளையாட்டுக்காகச் செய்திருந்த தட்டையான சிலுவைப் பட்டனை எடுத்து இதில் வைத்தார்கள். அது கட்டைவிரலுக்கு வசதி என்றுதான் நான் நினைத்திருந்தேன். காலுக்கும் பயந்து வைத்தது என்று தெரிந்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டிலும் மிதித்திருக்கிறோம்.

முதலில் வந்த பெட்டிகளில் ஏ, பி பட்டன்கள் சதுரமாக, ரப்பரில் இருந்தன. அழுத்தினால் ஓரத்தில் சிக்கிக்கொண்டன. அதனால் வட்டமான பிளாஸ்டிக் பட்டனாக மாற்றினார்கள். சதுரம் பார்வைக்கு அழகுதான். ஆனால் பிள்ளைகளின் அவசரத்துக்கு வட்டம்தான் சரி.

"இங்க பாரு, ரெண்டாவது கன்ட்ரோலரை" என்றார் அண்ணன்.

எங்கள் வீட்டில் முதலாவது கன்ட்ரோலர் எப்போதும் அண்ணனுக்கு, இரண்டாவது எனக்கு. இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன், எங்கள் பெட்டியில் அப்படித்தான். அசலில் அப்படி இல்லை. முதலாவதில் 'ஸ்டார்ட்', 'செலக்ட்' இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டாவதில் அவை இல்லை. அந்த இடத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சிறிய தள்ளுபொத்தான். மேலே சிறு துளைகள். அது மைக். பேசினால் குரல் டி.வி. வழியாகக் கேட்கும்.

அதாவது, அசல் ஃபேமிகாம் எங்கள் வீட்டில் இருந்திருந்தால், நான் ஒருமுறைகூட ஆட்டத்தை நிறுத்தியிருக்க முடியாது. அம்மா கடைக்குக் கூப்பிட்டாலும், தண்ணீர் தாகம் எடுத்தாலும், "அண்ணே, நிறுத்துங்களேன்" என்று கெஞ்ச வேண்டியிருந்திருக்கும். ஆனால், கத்திக் கெஞ்சியிருக்கலாம், அது டி.வி.யில் கேட்டிருக்கும். 1986இல் வந்த 'செல்டா' விளையாட்டில் பெரிய காது வைத்த ஓர் அரக்கன் உண்டு. அவனைக் கொல்ல இரண்டாவது கன்ட்ரோலரின் மைக்கில் சத்தம் போட்டால் போதும். தம்பி தங்கைகளுக்கு என்றே ஒரு வேலை.

"உனக்கு ஸ்டார்ட் பட்டன் இருந்ததாலதான் அந்த ஆட்டம் ஆடின" என்றார் அண்ணன். தோற்கப் போகும் நேரமெல்லாம் நான் ஸ்டார்ட்டை அழுத்தி நிறுத்திவிடுவேன். அதற்காகவே அவரிடம் பலமுறை குட்டு வாங்கியிருக்கிறேன். அவர் அதை மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

அமெரிக்க வீட்டுக்கு ஒரு வேஷம்

அதே கூடத்தில், அதே இயந்திரத்தின் அமெரிக்க வடிவமும் இருக்கிறது. உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். வெளியே பார்த்தால் உறவு சொல்ல முடியாது. சாம்பல் நிறம், கனமான செவ்வகம், முன்பக்கம் ஒரு மூடி. 1983இல் அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுச் சந்தை சரிந்தது. கடைக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் திருப்பினார்கள். அதனால் 1985இல் நியூயார்க்கில் இறக்கியபோது, லான்ஸ் பார் என்ற வடிவமைப்பாளர் அதை வீடியோ டேப் ஓடும் பெட்டி போல மாற்றினார். கேசட்டை மேலிருந்து குத்தாமல், மூடியைத் திறந்து உள்ளே தள்ளி, கீழே அழுத்த வேண்டும்.

சாம்பல் பெட்டி அழகுதான். அதற்கென்று ஒரு கம்பீரம் இருக்கிறது. ஆனால், அந்த வேஷத்துக்கு ஒரு விலை இருந்தது. உள்ளே தள்ளி அழுத்தும் முறையில் இணைப்பு முள்கள் நாளடைவில் தளர்ந்தன. படம் வராமல் திரை மின்னும். கேசட்டை எடுத்து ஊதிவிட்டுப் போடும் பழக்கம் உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கு வந்தது. ஊதியதால் சரியானது இல்லை, திரும்பச் செருகியதால் முள் சரியாகப் பட்டது. எச்சில் ஈரம் உலோகத்துக்குக் கெடுதல் மட்டுமே. இதை அண்ணன் விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதி இருவரும் கன்னத்தை உப்பி ஊதுவது போலச் செய்து காட்டினார்கள். எங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அடுத்து சூப்பர் ஃபேமிகாம், 1990. என்னைக் கேட்டால், இதுவரை வந்ததிலேயே அழகான விளையாட்டு இயந்திரம் இதுதான். வெளிர் சாம்பல், மழுங்கிய ஓரங்கள், கன்ட்ரோலரின் வலப்பக்கம் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நான்கு பட்டன்கள். முழுக்க அடக்கமாக வைத்துவிட்டு, விரல் படும் இடத்தில் மட்டும் வண்ணத்தைக் கொட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவுக்குப் போனபோது இதையும் மாற்றினார்கள். கோணம் கோணமாக ஓர் உடம்பு, ஊதா நிறப் பட்டன்கள். மேல்பகுதியை வளைவாக வைத்ததற்கு லான்ஸ் பார் சொன்ன காரணம், தட்டையாக இருந்தால் மக்கள் அதன்மேல் பானத்தை வைத்துக் கொட்டிவிடுகிறார்கள் என்பதாகும். காரணம் நியாயமானதுதான். ஆனால் உருவம் எனக்குத் தண்ணீர் மோட்டாருக்குப் போட்ட மூடி மாதிரிதான் தெரிகிறது. அண்ணனுக்கு அதுதான் பிடித்திருந்தது. "திறந்து சரிசெய்ய இடம் இருக்கிற மாதிரி இருக்கு" என்றார். ஒரு பொருளை நாம் எந்தத் தொழிலோடு பார்க்கிறோமோ, அதன் அழகும் அப்படித்தான் போலிருக்கிறது.

கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிய கன்ட்ரோலர்கள் அங்கே இருக்கின்றன. ஒருவரால் ஆட முடியாது. ஒருவர் சிலுவையைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் பட்டனை அழுத்த வேண்டும். நாணயங்களைக் கொடுத்துவிட்டு மாரியோவை எடுத்தோம். அண்ணன் நடத்த, நான் குதிக்க வைக்க வேண்டும். முதல் பள்ளத்திலேயே விழுந்தோம். "குதி, குதி!" என்று அவர் கத்த, "நீங்க ஏன் ஓடறீங்க?" என்று நான் கத்த, பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது உயிரில் ஒருவழியாக ஒத்து வந்தது. அவர் தோளைப் பார்த்தே எப்போது ஓடப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது. மாத்திரையைப் பற்றிப் பேசாமல் நாங்கள் இருவரும் இவ்வளவு நேரம் பேசியது எத்தனை ஆண்டுக்குப் பிறகு என்று தெரியவில்லை.

நிப்பொன்பாஷியின் பிளாஸ்டிக் பைகள்

மியூசியத்தில் எதையும் தொட முடியாது. அதனால், மறுநாள் ரயிலேறி ஒசாக்காவின் நிப்பொன்பாஷிக்குப் போனோம். டென் டென் டவுன் என்று அழைக்கப்படும் அந்தத் தெருக்களில் மின்சாதனக் கடைகளுக்கு நடுவே பழைய விளையாட்டுக் கடைகள் இருக்கின்றன. குறுகலான படி ஏறிப் போனால், கூரை வரை பெட்டிகள், எந்நேரமும் கேட்கும் பழைய விளையாட்டு இசை.

இங்கே மற்ற நிறுவனங்களின் பெட்டிகளையும் கையில் எடுத்துப் பார்க்கலாம். சேகாவின் 'மெகா டிரைவ்', 1988. கறுப்பு. மேலே வட்டமான பெரிய வளைவு, அதில் தங்க எழுத்தில் '16 பிட்'. முன்பக்கம் ஹெட்ஃபோன் துளை, அதற்குத் தனியாக ஒலித் தள்ளுபொத்தான். பொம்மை அலமாரியில் இல்லாமல் அண்ணன்மார் பாட்டுக் கேட்கும் ஸ்டீரியோவுக்குப் பக்கத்தில் உட்கார ஆசைப்பட்ட பெட்டி. 1987இல் வந்த 'பிசி எஞ்சின்' வேறு மாதிரி. வெள்ளை நிறம், ஒரு கையில் அடங்கிவிடும். விளையாட்டு, கடன் அட்டை அளவுள்ள மெல்லிய அட்டையில் வரும். இதையும் 1989இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது கறுப்பாக்கி, அகலமாக்கினார்கள். சிறிய வீட்டுக்குச் சிறியது, பெரிய வீட்டுக்குப் பெரியது.

ஃபேமிகாம்கள் ஓர் அலமாரி முழுக்க, ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் பைக்குள். வெள்ளை எதுவும் வெள்ளையாக இல்லை. சில தந்தம் போல, சில தேநீர்க் கறை போல. பழைய பிளாஸ்டிக் வெளிச்சத்திலும் காலத்திலும் மஞ்சளாகிவிடுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. ஒரு பெட்டியின் அடியில் யாரோ ஒரு சிறுவன் மார்க்கர் பேனாவில் தன் பெயரை எழுதியிருந்தான். அந்த மஞ்சளும் அந்தப் பெயரும் சேர்ந்துதான் அந்தப் பெட்டி.

கீழே ஒரு கூடை. சோதித்துப் பார்க்காத, வேலை செய்யும் என்று உறுதி சொல்லாத பெட்டிகள். ஜப்பானியர்கள் இதற்கு 'ஜங்க்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அண்ணன் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். ஒன்றை எடுத்து, துளையில் ஒரு கேசட்டைச் செருகி, மேலே நடுவில் இருக்கும் நெம்புகோலைத் தள்ளினார். 'டக்' என்று கேசட் எகிறி வந்தது.

எங்கள் வீட்டுப் பெட்டியிலும் அந்த இடத்தில் ஒரு நெம்புகோல் உருவம் இருந்தது. ஆனால் அசையாது, வெறும் அச்சு. அது எதற்கு என்று தெரியாமலேயே சிறுவயது முழுக்கத் தடவியிருக்கிறோம். வேடிக்கை என்னவென்றால், அசலிலும் அது அவசியமானது இல்லை. கேசட்டைக் கையாலேயே எடுத்துவிடலாம். தள்ளிப் பார்ப்பதே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாக இருக்கும் என்றுதான் உவெமுரா அதை வைத்தார். 14,800 யென்னுக்குள் அடக்க வேண்டும் என்று கன்ட்ரோலர் வயரைக்கூடக் கழற்ற முடியாதபடி பெட்டியோடு இணைத்தவர்கள், ஒரு 'டக்' சத்தத்துக்கு மட்டும் செலவு செய்திருக்கிறார்கள். காப்பியடித்தவர்கள் முதலில் வெட்டியது அதைத்தான்.

எனக்குப் பழைய வெட்கம் மறுபடி வந்தது. "அந்தப் பையன் சொன்னது சரிதான், அண்ணே. நம்ம வீட்ல இருந்தது டூப்ளிகேட்தான்."

அண்ணன் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார்.

"சரி, அப்பா இதையே வாங்கியிருந்தார்னு வச்சுக்க. எப்படிப் போட்டிருப்போம்?"

புரியவில்லை. அவர் விளக்கினார். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம் நாட்டில் 240. இதன் அடாப்டரை அப்படியே நம் சுவரில் செருகினால் புகைதான் வரும். அது போகட்டும், வேறு அடாப்டர் வாங்கலாம். டி.வி.? ஜப்பானில் ஒளிபரப்பு முறை என்.டி.எஸ்.சி., 525 கோடுகள். மலேசியாவில் பால் முறை, 625 கோடுகள். இந்தப் பெட்டி படத்தை அனுப்பும் அலைவரிசையும் ஜப்பானிய டி.வி.யின் ஒன்றாம், இரண்டாம் சேனலுக்கானது. நம் வீட்டில் இருந்த பழைய டி.வி. ஒரே முறைதான் வாங்கும். அசலைச் செருகியிருந்தால் புள்ளி மழைதான் பெய்திருக்கும். தப்பித் தவறிப் படம் வந்தாலும் வண்ணம் இல்லாமல் உருண்டுகொண்டிருந்திருக்கும்.

"நம்ம பெட்டியைச் செஞ்சவன் திருடன்தான், நான் இல்லேங்கல. ஆனா அவன் நம்ம டி.வி.யை, நம்ம பிளக்கை யோசிச்சுச் செஞ்சிருக்கான். உனக்கு ஸ்டார்ட் பட்டனும் வச்சிருக்கான்."

கூடைக்கு முன்னால் நானும் குந்தி உட்கார்ந்தேன். உவெமுராவின் உழைப்பை யாரோ காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டார்கள், அதை நியாயப்படுத்த முடியாது. ஆனால், இரண்டு நாளாக நான் பார்த்த ஒவ்வொரு பெட்டியும் ஏதோ ஒரு வீட்டை மனத்தில் வைத்துச் செய்தது. தரையில் உட்காரும் வீடு. அலமாரி வைத்த வீடு. பானம் கொட்டும் வீடு. துறைமுகத்தில் ஓவர்டைம் செய்பவரின் வீட்டுக்கும் ஒரு பெட்டி வந்தது. உரிந்துபோகும் ஸ்டிக்கரும், அசையாத நெம்புகோலுமாக வந்தது. ஆனால் படம் தெரிந்தது.

அண்ணன் அந்த ஜங்க் ஃபேமிகாமை வாங்கினார்.

அப்பாவின் தீர்ப்பு

இரவு விடுதியிலிருந்து அப்பாவை வீடியோவில் அழைத்தோம். அவருக்கு இப்போது 74 வயது. கைபேசியை நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டார், எங்களுக்கு அவர் புருவமும் மின்விசிறியும்தான் தெரிந்தன.

"மியூசியத்துல படம் எடுத்தீங்களா?"

"உள்ள எடுக்க விட மாட்டாங்கப்பா. ஆனா ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கோம்" என்று அண்ணன் பெட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"அட, இது நான் வாங்கிக் கொடுத்த மாதிரியே இருக்கே. வேலை செய்யுமா?"

"நம்ம டி.வி.ல செய்யாதுப்பா."

"அப்புறம் எதுக்கு வாங்கின?"

அண்ணன் சிரித்தார். நான் கைபேசியை வாங்கிக்கொண்டேன். 30 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்ட விஷயத்தை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

"அப்பா, நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப, டூப்ளிகேட் வாங்கிட்டீங்கன்னு உங்ககிட்டக் கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"கேட்டியா? ஞாபகம் இல்லையே."

உண்மையிலேயே மறந்துவிட்டாரா, எனக்காக மறந்தாரா, தெரியாது.

"அசலை வாங்கியிருந்தா நம்ம வீட்ல படமே வந்திருக்காதாம்பா. அண்ணன் இப்பத்தான் சொன்னாரு. நீங்க வாங்கினதுதான் சரி."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்மா" என்றார் அப்பா. "கடைக்காரன்கிட்ட, டி.வி.ல போட்டுக் காமி, படம் தெரிஞ்சாத்தான் வெள்ளி தருவேன்னு நின்னேன். அரை மணி நேரம் நின்னேன்."

அந்த அரை மணி நேரத்தைப் பற்றி எங்கள் இருவருக்குமே அதுவரை தெரியாது.

அண்ணன் கேசட்டைச் செருகி, கேமராவுக்குப் பக்கத்தில் வைத்து நெம்புகோலைத் தள்ளினார். 'டக்'. அப்பாவின் புருவம் உயர்ந்தது. இன்னொரு முறை செய்யச் சொன்னார். செய்தோம்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்றார்.